உவர் ஏறிய சுவர்: யாழ்ப்பாணத்து வாடகை வீடுகளில் மேசன் வேலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாடகைக்கு விட்ட வீட்டில் முதலில் பழுதாவது சுவரின் அடிப்பக்கம். தரையிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் உயரம்வரை பெயின்ற் பொருக்குப் பொருக்காக எழும்பும். விரலால் தட்டினால் பூச்சு மாவாகக் கொட்டும். கொட்டிய இடத்தில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ பூத்திருக்கும். மேசன்மார் அதைப் பார்த்த உடனேயே "உவர் ஏறிப்போச்சு" என்பர். வீட்டுக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறார். குடியிருப்பவர் ஓரிரு வருடத்தில் வேறிடம் போய்விடுவார். இருவருக்கும் நடுவில் திறப்பை வைத்திருக்கும் உறவினருக்கு வேலை ஒரு கிழமைக்குள் முடிந்தால் போதும். ஆகவே பொருமிய பூச்சைத் தட்டிவிட்டு, சீமெந்தை இறுக்கமாகக் குழைத்துப் பூசி, மேலே பெயின்ற் அடித்துப் புதுக் குடித்தனம் வைக்கிறார்கள். அடுத்த மழை போனதும் உவர் முன்னைய கோட்டுக்கு அரை முழம் மேலே வந்து நிற்கும். ஒரே வீட்டை மூன்று நான்கு தடவை இப்படிப் பூசிய மேசன்மார் பலர் உள்ளனர். பிழை எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். அதைச் சொன்னால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்பதும் தெரியும்.

குடாநாட்டின் நிலத்தை அறியாமல் இந்தப் பழுதை விளங்க முடியாது. அடியில் முழுவதும் சுண்ணாம்புக்கல். மயோசின் காலத்தில் கடலுக்கு அடியில் படிந்த பாறை அது. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பகுதிகளில் அதன்மேல் செம்மண் போர்த்திருக்கிறது, கரையோரங்களில் மணல். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு கிடையாது. பெய்யும் மழை கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர இடங்களிலும் தீவுப்பகுதியிலும் இந்த நன்னீர்ப் படை மெல்லியது. உவர் மேலே நெருங்கி நிற்கும்.

அந்த ஈர நிலத்தில் அத்திவாரம் வைத்த சுவர், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுக்கிறது. தண்ணீரோடு அதில் கரைந்த உப்பும் ஏறுகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். உப்பு அங்கேயே தங்கும். தங்கிய உப்பு படிகமாக வளரும்போது பூச்சுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளை நெரித்து உடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, பூச்சை உடைப்பது ஈரமல்ல, ஈரம் காய்வது. ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பெய்யும் வாடை மழையில் சுவர் நனைந்து கறுத்துக் கிடக்கும். குடியிருப்பவர் முறையிடுவது அப்போது. பூச்சு கொட்டுவதோ தையிலும் மாசியிலும், வெயில் ஏறி நிலம் காயும்போது. மழை விட்ட பின்னர் கொட்டுவதால் மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிப் பழைய பூச்சின் தரத்தைக் குறை சொல்பவர்களே அதிகம்.

முன்னைய காலத்து வீடுகள் இந்த ஈரத்தைத் தடுக்கவில்லை. அது வந்து போக வழி விட்டன. நாற்சார் வீட்டின் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாத தடிப்பில் சுண்ணாம்புக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழும்பியது. பூச்சும் சுண்ணாம்பு, மேலே அடித்ததும் நீற்றுச் சுண்ணாம்பு. ஏறிய ஈரம் எந்த உயரத்திலும் வெளியே போகலாம். உப்பு பூத்தாலும் அது மென்மையான பூச்சையும் வெள்ளையையும் மட்டுமே தின்றது, கல்லுக்குப் போகவில்லை. தைப்பொங்கலுக்கு வருடா வருடம் வெள்ளை அடித்தது அழகுக்காக மட்டுமல்ல. தேய்ந்த பூச்சை வருடந்தோறும் புதுப்பிக்கும் பராமரிப்பும் அதுவே. கடற்கரையில் எடுத்த முருகைக்கல்லும் இதே வகையில் பயன்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் இன்றும் அதைக் காணலாம். முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்தது. இன்று பழைய முருகைக்கல் சுவரைத் திருத்துவோர் இடிபட்ட வீட்டுக் கல்லைத்தான் தேட வேண்டும்.

சீமெந்து இந்த ஊருக்கு அந்நியப் பொருள் அல்ல. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லும் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்த களியும் சேர்ந்து அங்கே சீமெந்தாயின. 1950களுக்குப் பின் எழுந்த வீடுகளில் சுவர் மெலிந்தது, பூச்சு இறுகியது. 1990இல் போரோடு தொழிற்சாலை நின்றது. அதன் பின்னர் சீமெந்து வடக்குக்குக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்றானது. கிடைத்த ஒரு பையை நீட்டி நீட்டிப் பாவித்த காலம் அது. அக்காலத்துச் சாந்தை நகத்தால் கிள்ளி எடுக்கலாம். அந்தச் சுவர்களை இன்று வாடகைக்காகத் திருத்தும்போது, பூச்சைத் தட்டியவுடன் கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தும் சேர்ந்து உதிர்வதைக் காணலாம். அப்படிப்பட்ட சுவரில் கனமான சீமெந்துப் பூச்சு பிடிக்காது. தன் பாரத்தாலேயே பலகையாகக் கழன்று விழும்.

2009க்குப் பின் கட்டட வேலை பெருகியது. இந்திய வீட்டுத் திட்டத்தின் முதல் 1000 வீடுகளும் 2012 ஒக்டோபரிலிருந்து 5,50,000 ரூபா உதவியோடு பயனாளிகளே கட்டிய வீடுகளும் ஒருபுறம். வெளிநாட்டுக் காசில் வாடகைக்கென்றே எழுந்த மாடிகள் மறுபுறம். சந்திக்குச் சந்தி சீமெந்துக்கல் அரியும் இடங்கள் வந்தன. இன்றைய வாடகை வீட்டுச் சுவர்களிற் பெரும்பாலானவை அந்தக் கல்லால் ஆனவை. கல்லின் தரம் இடத்துக்கு இடம் மாறும். இலங்கைத் தர நிர்ணயம் 855 சீமெந்துக்கல்லுக்கு உரியது. வீட்டு வேலைக்கு வாங்கும் எவரும் அதைக் கேட்பதில்லை. மேசன்மாரிடம் உள்ள சோதனைகள் எளியவை: இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்ற ஒலி வர வேண்டும்; ஆணியால் கீறினால் ஆழமாகப் பள்ளம் விழக்கூடாது; இடுப்புயரத்திலிருந்து மண்தரையில் விட்டால் மூலை போகலாம், கல் பிளக்கக்கூடாது. அரிந்த மூன்றாம் நாள் ஏற்றிய கல் எதிலும் தேறாது. நிழலில் வைத்து இரண்டு கிழமையாவது தண்ணீர் விட்ட கல்லை வாங்குவதற்கு அரிபவரின் இடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஈரம் கண்ட சுவரில் கைவைக்க முன்னர் அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவரின் நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் உப்புப் பூத்திருக்கும். குழாய் ஒழுக்கின் ஈரம் ஒரு புள்ளியிலிருந்து வட்டமாக விரியும். மழை இல்லாத ஆனி மாதத்திலும் காயாது. கூரையிலிருந்து வருவது மேலிருந்து கீழே நாக்குப்போல இறங்கும். முகட்டு ஓடு, பீலி, சுவரோடு கூரை முட்டும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் அதன் வாசல். சந்தேகம் இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்ரிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுவது நல்ல சோதனை. தாளுக்கும் சுவருக்கும் இடையில் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிமுகம் வியர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் போதாது. அங்கே யன்னலைத் திறக்க வேண்டுமே தவிர மேசனைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஈரம் ஏறுவதற்குப் பெரும் காரணம் பல வீடுகளில் வளவுதான். வீதிக்குக் காப்பெற் போடும் ஒவ்வொரு தடவையும் வீதி சில அங்குலம் உயர்கிறது. மழைத்தண்ணீர் வளவுக்குள் வரத் தொடங்க, வீட்டுக்காரர் மண் கொட்டி முற்றத்தை உயர்த்துகிறார். பிறகு வாகனம் நிறுத்தவென்று முற்றத்துக்குக் கல் பதிக்கிறார். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்த பின் பார்த்தால், அத்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்பாகப் போட்ட படை மண்ணுக்குக் கீழே போயிருக்கும். வெளி நிலம் வீட்டுத் தரைக்குச் சமமாகவே நிற்கும். தடுப்பைத் தாண்டி ஈரம் நேரே சுவருக்குள் போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் சாந்தகப்பையை எடுக்க முன்னர் மண்வெட்டியை எடுக்க வேண்டும். சுவரோரமாக இரண்டடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, நிலத்தை வீட்டுத் தரையிலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் தாழ்த்தி, சுவரை விட்டு வெளியே சரிவு கொடுத்தால், பல வீடுகளில் ஒரே வருடத்தில் உவர்க்கோடு இறங்கிவிடும். செலவு இரண்டு கூலியாட்களின் மூன்று நாள் சம்பளம். இந்த ஆலோசனையைச் சொன்னால் வீட்டுக்காரர் நம்பத் தயங்குவார்; சுவரில் வேலை நடந்ததாகப் புகைப்படத்தில் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

நிலம் தாழ்த்தியும் போதாவிட்டால் சுவர் வேலை. உவர்க்கோட்டுக்கு மேலும் ஓரடி சேர்த்துப் பூச்சை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். கல்லிடைச் சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குத் தோண்டிவிட வேண்டும். வெளிவந்த உப்பைக் காய்ந்த தும்புத் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளி வளவுக்கு வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பிறகு சுவரைத் திறந்தபடி விட வேண்டும், குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் தையிலிருந்து பங்குனிவரை. அந்த நாட்களில் உப்பு திரும்பப் பூக்கும். பூக்கப் பூக்கத் துடைக்க வேண்டும். வாடகைக்காசு வராத மாதங்கள் என்பதால் வீட்டுக்காரர்கள் வெட்டிவிடும் படி இதுதான். இதை விட்டுவிட்டால் மிச்ச வேலை எல்லாம் வீண்.

அடிச்சுவரில் தடுப்பே இல்லாத வீட்டுக்குப் புதிதாகத் தடுப்பு வைக்கலாம். ஒரு தடவையில் மூன்றடிக்கு மேல் வெட்டாமல், வெட்டிய துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் மூன்றடி விட்டு, தரைக்குச் சற்று மேலுள்ள வரிசைக் கல்லை எடுத்து, தடித்த பொலித்தீனோ தார்த் தாளோ வைத்து, இறுக்கமான சாந்தால் மேற்சுவர் வரை நெரித்து அடைப்பது முறை. அது இறுகி ஒரு கிழமை போன பின்னரே இடைத் துண்டுகளில் கைவைக்கலாம். ஒன்றரை அடிச் சுண்ணாம்புக்கல் சுவரில் இது பெரும்பாலும் சரிவராது. உள்ளே ஒழுங்கற்ற கல்லும் இடுக்கு நிரப்பிய சல்லியும் இருப்பதால் வெட்டும்போது மேற்கல் இறங்கிவிடும். அங்கே நிலத்தைத் தாழ்த்துவதும் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புவதுமே பாதுகாப்பான வழி.

சுண்ணாம்புப் பூச்சு என்றால் இன்று பலர் முகம் சுளிப்பர். நன்றாக நீற்றி, சில கிழமை தண்ணீருக்குள் ஊற வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு, இவ்வளவுதான். கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும் சேர்ப்பது பழைய கைப்பக்குவம். அவை சாந்தைக் குழைவாக்கி, ஈரத்தைக் கொஞ்சம் தாங்க வைக்கும். அந்த வேலைக்குப் பொறுமையோ ஆளோ இல்லையென்றால் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு இரண்டு, மணல் ஒன்பது என்ற கலவை பழைய சுவருக்குப் பொருந்தும். சீமெந்துக்கல் சுவருக்கு ஒன்று, ஒன்று, ஆறு. ஒன்றுக்கு மூன்று என்று தனிச் சீமெந்தை இறுக்கி அடிப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. அது ஈரத்தை நிறுத்தாது. வெளியேறும் வாசலை மட்டும் அடைக்கும். அடைபட்ட ஈரம் அடைப்பு முடியும் உயரத்தைத் தேடி ஏறும். சுவருக்கு நாலடி உயரத்துக்குத் தரையோடு ஒட்டும் பளபளப்பான கல் பதிப்பதும், தண்ணீர் புகாத பெயின்ற் என்று விற்பதைப் பூசுவதும் அதே விளைவைத் தருவன. திருநெல்வேலிப் பக்கத்தில் பல்கலைக்கழக மாணவருக்கு விடும் அறைகளில் நாலடிக் கல்லுக்கு மேலே, ஐந்தாவது அடியில் பூச்சு பொருமி நிற்பதைப் பார்க்கலாம்.

மணலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மணற்காடு, குடத்தனை, அம்பன் பக்கத்து மணல்மேடுகளிலிருந்து அள்ளிய மண்ணும், வன்னி ஆற்று மண்ணும், எங்கிருந்து வந்தது என்று சொல்லாத மண்ணும் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் வரலாம். மணல் அகழ்வுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இறுகும் காலங்களில் ஒரு கியூப் மண்ணின் விலை ஏறும். உப்பு மண்ணும் கலந்து வரும். உப்பு மண்ணால் பூசிய சுவர் நிலத்து ஈரம் இல்லாமலே கார்த்திகையில் வியர்க்கும், ஏனென்றால் உப்பு காற்றின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அனுபவமுள்ள மேசன் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைப்பார். சில மணி நேரத்தில் மணலுக்கு மேல் சேறு தனிப் படையாகத் தெரியும். அந்தப் படை மணலின் உயரத்தில் பத்தில் ஒன்றை நெருங்கினால் மண்ணைத் திருப்பி அனுப்புவது நல்லது. திருப்பி அனுப்ப மனமில்லாதவர் நன்னீரில் இரண்டு தடவையாவது கழுவ வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் பயன் இல்லை. சாந்து குழைப்பதற்கும் அந்தத் தண்ணீர் ஆகாது.

பூசும் காலமும் முக்கியம். வைகாசியிலிருந்து ஆவணிவரை அடிக்கும் சோழகக் காற்று காய்ந்த காற்று. காலையில் பூசிய வெளிச்சுவரை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். அதனால் வருவதுதான் முகமெல்லாம் சிலந்தி வலைபோல் ஓடும் மயிர் வெடிப்பு. சோழகத்தில் வெளிச்சுவர் பூசுவதென்றால் முதல்நாளே சுவரை நனைத்து, நிழல் பக்கத்தில் தொடங்கி, பூசியதன்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். முழு வேலையும் கொந்தராத்தாகக் கொடுத்த வீட்டில் தண்ணீர் தெளிப்பவர் யார் என்று முன்கூட்டியே பேசாவிட்டால் ஒருவரும் தெளிக்கமாட்டார். மணியாசுக் கட்டையால் திரும்பத் திரும்பத் தேய்த்து முகத்தை வழுக்க வைப்பதும் வெடிப்பைக் கூட்டும், ஏனென்றால் சீமெந்து முழுவதும் முகத்துக்கு வந்துவிடுகிறது.

வெடிப்புகளில் பயப்பட வேண்டியவை சிலவே. மயிர் வெடிப்புப் பூச்சோடு நிற்கும். யன்னல் மூலையிலிருந்து சரிந்து ஏறும் வெடிப்பு, மேலுள்ள லிண்டல் இரு பக்கமும் சுவரில் போதிய அளவு உட்காரவில்லை என்று சொல்லும். ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலமாவது உட்கார வேண்டும். தட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையில் கிடையாக ஓடுவது சித்திரை வெயிலில் கொங்கிறீற் விரிந்து இரவில் சுருங்குவதால் வருவது. அதைச் சாந்தால் அடைத்தால் அடுத்த வெயிலில் திறக்கும். இழுபடும் பசை வகையால் அடைத்து, கூரையின் மேல்முகத்தை வெள்ளையாக வைத்திருக்க வேண்டும். பழைய வீட்டோடு புதிதாக ஒட்டிய அறையின் சேர்க்கையில் நேராக இறங்கும் வெடிப்பு, இரண்டு அத்திவாரங்கள் வெவ்வேறாக இறங்கியதன் அடையாளம். வாடகையைக் கூட்டவென்று அறை ஒட்டிய வீடுகளில் இது வழக்கம். அந்த இடத்தில் இரண்டையும் பிணைக்கப் போராடாமல், நேரான ஓர் இடைவெளியாக விட்டு மூடிவிடுவது மேல்.

கல்வரிசையோடு படிப்படியாக ஏறி, ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் ஒடுங்கியும் இருப்பதே கவலைக்குரிய வெடிப்பு. அத்திவாரத்தின் ஒரு மூலை இறங்குகிறது. குடாநாட்டில் இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, சுண்ணாம்புக்கல்லுக்குள் தண்ணீர் கரைத்த பொந்துகள். கல்லின்மேல் அத்திவாரம் போட்டோம் என்ற நம்பிக்கையில் கட்டியவர், அந்தக் கல்லுக்கு அடியில் வெற்றிடம் இருந்ததைக் கண்டிருக்கமாட்டார். மற்றது, சுவருக்கு அருகில் வெட்டிய மலசலகூடக் குழி. அறைக்கு அறை குளியலறை சேர்க்கும்போது பழைய குழி போதாமல் புதிய குழி வெட்டுவர். மதிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் இடமில்லாமல் அது வீட்டோரத்துக்கே வந்துவிடும். அப்போது கெடுவது வீட்டு மூலை மட்டுமல்ல. பக்கத்துக் கிணறும் கெடும்.

எந்த வெடிப்பையும் உடனே அடைக்கக்கூடாது. இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு நாளை எழுதி வைத்து, குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி விட வேண்டும். ஒரு கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் தாண்டிக் கண்ணாடி உடையாமலும் வெடிப்பு கோட்டைக் கடக்காமலும் நின்றால் அது நின்றுபோன வெடிப்பு. வெட்டி அகலமாக்கி, நனைத்து, இரு பக்கமும் ஆறு அங்குலம் வலைக்கம்பி வைத்துப் பூசலாம். நகர்ந்தால் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பதே வேலை.

கொங்கிறீற் பழுது பெரும்பாலும் யன்னலுக்கு மேல் நீட்டிய தட்டிலும் குளியலறைக் கூரையிலும் தொடங்கும். கம்பிக்குக் கீழே அரை அங்குலம்கூட மூடல் இல்லாமல் ஊற்றியிருப்பார்கள். உப்புக் காற்றும் உப்பு மணலும் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீற்றைக் கீழே தள்ளி உடைக்கும். முதலில் கம்பியின் நீளத்துக்கு ஒரு மண்ணிறக் கோடு, பிறகு வெடிப்பு, பிறகு துண்டாக விழும். குழந்தைகள் விளையாடும் விறாந்தைக்கு மேலே இப்படி ஒரு தட்டு இருந்தால் வாடகை முடியும்வரை காத்திருக்கக்கூடாது. திருத்தும்போது கம்பியின் கீழ்ப்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசுவது ஏமாற்று. கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவு வெட்டி, கம்பியைச் சுற்றிலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, கறள் தடுப்பு பூசி, நாலில் ஒரு பங்கு மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும். புதுக்கம்பி நல்ல கம்பியோடு அதன் விட்டத்தைப்போல் நாற்பது மடங்கு நீளம் சேர்ந்து கிடக்க வேண்டும். பழுது பாதித் தட்டைத் தாண்டினால் இடித்து ஊற்றுவதே மலிவு.

குளியலறைகள் வாடகை வீட்டின் மிக மோசமான பகுதி. நாலங்குலக் கல்லால் அறையின் மூலையை மறித்துக் குளியலறையாக்குகிறார்கள், மறுபக்கத்தில் கட்டில். தரைக் கல்லின் இடைவெளிகளால் தண்ணீர் இறங்கி, சுவரின் அடியால் படுக்கையறைக்கு வரும். கல்லை எடுக்காமல் இதைத் திருத்த முடியாது. தரையையும் ஆறடி உயரத்துக்குச் சுவரையும் நீர்த்தடைப் பூச்சால் இரண்டு கை பூசி, தரையும் சுவரும் சேரும் மூலையை வளைவாக்கி, வாசலை உயர்த்தி, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்து, கல் பதிக்க முன்னர் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் காய்ந்திருந்தால் மட்டுமே கல்.

போர் விட்டுச் சென்ற பழுதுகளும் இன்னும் முடியவில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து திரும்பக் கிடைத்த வீடுகள் இருபது வருடத்துக்கு மேல் கூரை இல்லாமல் நின்றவை. சுவரின் தலைப்பில் மழை நேரே இறங்கி மேல் வரிசைகளின் சாந்தைக் கரைத்திருக்கும். ஆலும் அரசும் வேர் விட்டிருக்கும். மரத்தைப் பிடுங்கினால் சுவரும் வரும். அடியில் வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு அந்த வரிசைகளைக் கழற்றித் திரும்பக் கட்ட வேண்டும். எரிந்த வீட்டின் சுண்ணாம்புக்கல்லில் இன்னொரு ஆபத்து உண்டு. கடும் நெருப்பில் கல்லின் முகம் நீறாகிவிடும். அடுத்த மழையில் அது பூத்து உதிரும். அந்தப் படையை வெட்டித் திடமான கல் தெரியும்வரை போகாமல் பூசிய பூச்சு நிற்காது. செல் துண்டு பட்ட பொந்துகளை அவசரமாகச் சீமெந்தால் அடைத்த வீடுகளில், பல வருடம் கழித்துச் சுவர் நடுவில் மண்ணிறப் பொட்டு வருவதுண்டு. உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு கறள் பிடிக்கிறது. அதை எடுத்த பின்னரே அடைக்க வேண்டும். அடைப்பவர் அந்த வீட்டார் முன்னால் அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலையும் அது.

மதில்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிடுகு வேலியும் கிளுவை, பூவரசு வேலியும் போன இடத்தில் மதில் வந்தது. காற்றும் தண்ணீரும் போக வழி வரவில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையிலும் 2024 நவம்பர் வெள்ளத்திலும் வளவுகளுக்குள் தண்ணீர் கட்டி நின்றது. பத்தடிக்கு ஒரு தூண், நாற்பது அடிக்கு ஒரு இடைவெளி, நில மட்டத்தில் ஆறடிக்கு ஒரு துளை என்று கட்டினால் மதில் நிற்கும். பக்கத்து வளவுக்காரரோடு துளையைப் பற்றி முன்பே பேசிக்கொள்வது மேசனின் வேலை அல்ல என்றாலும் பல இடங்களில் மேசன்தான் பேசுகிறார்.

இந்த வேலைகளுக்குப் பொருத்தமான காலம் தைப்பொங்கலுக்குப் பின்னர். தையில் பூச்சை வெட்டி, பங்குனிவரை காயவிட்டு, சோழகம் தொடங்க முன்னர் பூசி முடிக்க வேண்டும்; புரட்டாதிக்குள் கூரையும் பீலியும் பார்க்க வேண்டும். வாடகை உடன்படிக்கை பெரும்பாலும் இதற்கு எதிராக ஓடுகிறது: குடித்தனம் மாறும் இரண்டு கிழமைக்குள் எல்லாம் நடக்க வேண்டும். உடன்படிக்கை எழுதும்போதே வருடத்துக்கு ஒரு அறையை மட்டும் தையில் காலியாக்கித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் முழு வீட்டையும் பூட்டாமல் மூன்று நாலு வருடத்தில் வேலையை முடிக்கலாம். சில வீடுகளில் இப்படி நடந்திருக்கிறது, குடியிருந்தவரும் மாறவில்லை.

2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 1000 ரூபாவாக இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் 3000 ரூபாவைத் தாண்டியது. அந்த நாட்களில் ஒன்றுக்கு ஐந்து என்று பேசியது ஒன்றுக்கு எட்டாகப் போனதுண்டு. வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரர் விலையை மட்டும் கேட்காமல் அளவைக் கேட்க வேண்டும்: எத்தனை பை, எத்தனை கியூப், எத்தனை சதுர அடி. மண்ணைச் சட்டியால் அல்லாமல் பெட்டியால் அளக்கச் சொல்ல வேண்டும். ஒரு பைச் சீமெந்து ஒன்றேகால் கன அடி, அதற்கேற்ற மரப்பெட்டி ஒன்றை ஓடாவியார் அரை நாளில் அடித்துத் தருவார். முடிந்த சுவரின் படத்தை விட, பூச்சு வெட்டித் திறந்து கிடக்கும் சுவரின் படத்தைக் கேட்க வேண்டும். தடுப்பு வைத்த நாள், பூசிய நாள், கலவையின் அளவு ஆகியவற்றை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வைக்கும் மேசன்மார் சிலர் உண்டு. பத்து வருடம் கழித்து வரும் மேசன் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தக் கதவை.